எட்டாவது செவ்வாயின் கால் குளியல்

துலுக்கானத்துக்குக் கால்களைப் பார்த்துப் பார்த்தே அலுத்துப் போயிருந்தது. காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஏழு வரைக்கும் கால்தான். வெடித்த கால், வீங்கின கால், நகச்சாயம் பூசின கால், ஷூவுக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கிடந்து வெளுத்துப்போன கால். முகத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? எதிர்க் கட்டடத்திலிருந்து வருகிற இரண்டாவது மாடி அம்மாவை எங்கே பார்த்தாலும் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வலது கட்டைவிரல் ஆணிதான்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் புதிதாக முளைத்திருக்கிற அடுக்குமாடிகளுக்கு எதிரே, ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்தக் கால் குளியல் நிலையம். உள்ளே நான்கு மெத்து மெத்தென்ற சாய்வு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்தில் ரேடியோ பெட்டி அளவுக்கு ஒரு மெஷின். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி உப்புப் போட்டு, மெஷினிலிருந்து ஒயரோடு வருகிற தகட்டுச் சுருளைத் தண்ணீரில் இறக்கி, வந்தவர் காலை உள்ளே வைத்து ஸ்விட்சைப் போட வேண்டும். துலுக்கானத்தின் வேலை அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் தண்ணீர் மஞ்சளாகும். இருபதில் டீ நிறம். அரை மணி முடிவதற்குள் சாக்கடை மாதிரி நுரை கட்டி, மேலே கருப்பாகத் துணுக்குகள் மிதக்கும். வந்தவர்கள் வாயைப் பிளந்து, இத்தனை நாள் இதெல்லாம் என் உடம்புக்குள்ளேயா இருந்தது என்று கேட்டுவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்து, அந்தக் கண்றாவியை நாலு பேருக்கு அனுப்புவார்கள். சுவரில் ஒரு வண்ணப் பட்டியலும் உண்டு. ஆரஞ்சு என்றால் மூட்டு, பழுப்பு என்றால் ஈரல், கருப்பு என்றால் இன்னும் என்னவோ. எந்த உறுப்பிலிருந்து அழுக்கு இறங்கியது என்று பட்டியலைப் பார்த்து அவரவர் தெரிந்துகொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

துலுக்கானத்துக்கு இதன் லட்சணம் முதல் நாளே தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புக்கு முலாம் பூசுகிற ஒரு பிளேட்டிங் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தொட்டிக்கு முன்னாலேயே நின்ற மனுஷர் அவர். கள்ளிக்குப்பத்தில் பிறந்தவர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயல் மனையானதும் பிள்ளைகள் எஸ்டேட்டுக்கு நடந்தார்கள். பத்தொன்பது வயதில் உள்ளே போனவருக்கு நிக்கல் தொட்டி, குரோமியத் தொட்டி, ஆசிட் தொட்டி என்று எல்லாமே பழகிவிட்டது. ஒரு தொட்டியில் தண்ணீர், அதில் உப்போ மருந்தோ, இரண்டு பக்கம் தகடு, நடுவில் கரண்ட். கரண்ட் ஓடினால் ஒரு தகடு கரையும். கரைந்தது தண்ணீரில் இறங்கும். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஏறுகிற பளபளப்பும் அதே சங்கதிதான், இந்தத் தொட்டியில் நுரைக்கிற அழுக்கும் அதே சங்கதிதான். இங்கே கரைவது இரும்புத் தகடு. இரும்பு கரைந்தால் துருதான் வரும், தேனா வரும்?

பிளேட்டிங் கம்பெனி முதலாளி கண்ணை மூடியதும் மகன்கள் இடத்தைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில், மருந்துப் புகை அரித்த மூக்கோடு, துலுக்கானத்தை எவன் வேலைக்கு வைப்பான்? அந்த நேரத்தில்தான் ஸ்ரீநாத் கிடைத்தார். சேலம் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த நிலையத்தை எடுத்து நடத்துகிறவர். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தன் அம்மாவையே வாரம் இரண்டு தடவை நாற்காலியில் உட்கார வைப்பார். சேர்ந்த வாரத்திலேயே துலுக்கானம் அவரிடம், சார், இது தகடு கரையறது சார் என்று சொல்லிப் பார்த்தார். ஸ்ரீநாத் சிரித்தார். கொஞ்சம் தகடும் கரையலாம்ணா, ஆனா எங்கம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கே, அது எப்படி என்றார். அரை மணி நேரம் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் யாருக்குத்தான் வலி குறையாது என்று துலுக்கானம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, துடைக்கிற துணியை எடுத்தார். அதற்குமேல் வாதாட உடம்பில் தெம்பு இல்லை. யாருக்கும் இதனால் கெடுதல் இல்லையே, வெந்நீர்தானே என்று விட்டுவிட்டார். அந்த 'விட்டுவிட்டார்' பிற்பாடு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

அவர் பெண்டாட்டி தாயம்மா, அதே ரோட்டில் ஏரியைப் பார்த்த மாதிரி நிற்கிற அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தாள். பன்னிரண்டு மாடி நடைபாதையையும் துடைக்க வேண்டும். காலையில் நனைகிற பாதம் சாயங்காலம்தான் காயும். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வேறு. போன வருஷத்திலிருந்து பாதம் மரத்துப் போய், ஒரு நாள் பஸ்ஸில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றாள். பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா அது? அலுத்துப்போன மனுஷர்களுக்கு எதற்குச் சிரிப்பது எதற்குப் பயப்படுவது என்பதே மறந்து போய்விடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் நிலையம் திறக்கும் முன்னால் வேலையாட்களின் வீட்டு ஆட்கள் வந்து கால் நனைத்துக்கொள்ளலாம் என்று ஸ்ரீநாத் சொல்லியிருந்தார். தாயம்மாவுக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. ஏழரைக்கு வந்து உட்கார்ந்தால் எட்டுக்கு முடிந்துவிடும். முதல் செவ்வாய் அவள் அந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள், யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பது போல. துலுக்கானம்தான் சாய்ந்து உட்காரச் சொன்னார். தண்ணீர் ஊற்றினார், உப்புப் போட்டார், முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். அப்புறம் அவள் காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் காலை அவர் கையால் தொட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு வெட்கமாகிப் போய்விட்டது, சுற்றுமுற்றும் பார்த்தாள்.

தண்ணீர் நிறம் மாறியதும் தாயம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எம்மாம் அழுக்கு பாரு, எம்மாம் அழுக்கு பாரு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். ஊரார் வீட்டு அழுக்கையெல்லாம் துடைத்தவளுக்குத் தன் உடம்பு அழுக்கும் வெளியே போகிறதே என்று அப்படியொரு சந்தோஷம். அந்த நேரத்தில், அது உன் அழுக்கு இல்லை, தகட்டுத் துரு என்று சொல்லியிருக்க வேண்டும். துலுக்கானம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். வீட்டில் அடுப்பு, தண்ணீர் லாரி, துணி என்று ஓடுகிறவள், அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததை அவர் பார்த்ததே கிடையாது. துடைக்கிற துணியை மடியில் போட்டுக்கொண்டு எதிரே முக்காலியில் இவரும் உட்கார்ந்தார். பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த மகள் பானுப்பிரியாவைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றி, சின்ன வயதில் நடந்த எதையெதையோ பற்றி அவள் பேசினாள். செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்று அவரும் எதிர்பார்க்க ஆரம்பித்தார். இதுதான் உண்மை, இதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

பன்னிரண்டு தடவை நனைத்தால் முழுப் பலன் என்று நிலையத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். தாயம்மா அதைக் கோயிலைச் சுற்றுகிற கணக்காக எடுத்துக்கொண்டாள். ஒரு செவ்வாய்கூட விடக் கூடாது. முடிந்த செவ்வாய்க்கெல்லாம் சமையல்கட்டுச் சுவரில் மஞ்சளைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தாள். துலுக்கானம் அதைப் பார்த்தார்.

அதுவரை தாயம்மாவே காலைத் துடைத்துக்கொள்வாள். ஏழாவது செவ்வாய், குளியல் முடிந்து அவர் துடைத்துவிடும்போது வலது காலின் இரண்டாவது விரலில் துணி ஒட்டியது. குனிந்து பார்த்தார். விரலின் அடிப்பக்கம் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புண். அதற்கு மேல் அரைத்த மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளைச் சுற்றி விரல் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு வாடையும் வந்தது. முப்பத்து நாலு வருஷம் ஆசிட்டை மோந்த மூக்குக்கே அந்த வாடை எட்டியது. அழுத்திப் பார்த்தார். தாயம்மாவுக்குத் தெரியவேயில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன இது என்று கேட்டதற்கு, மூன்று வாரமாக இருக்கிறது, உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் அந்த வழியாக இறங்குகிறது, பட்டியலில் கருப்பு போட்டிருக்கிறதே பார்க்கவில்லையா என்றாள். அது மட்டுமா? சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டிருந்தாள். அழுக்குதான் வெளியே போய்க்கொண்டிருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று நாலாவது செவ்வாயோடு விட்டாயிற்றாம். பிளேட்டிங் கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருவருக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்து, ஒன்றரை மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர் அறிந்த கதை அது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றார். இன்னும் அஞ்சு செவ்வாய்தான் கீது, அப்பால வரேன் என்றாள் தாயம்மா. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தினால், விரதம் முறிகிற மாதிரி இதுவரை நனைத்ததெல்லாம் வீணாகிவிடும் என்று யாரோ ஒரு சாவித்திரி, அவளோடு மாடி துடைக்கிறவள், சொல்லிவிட்டிருந்தாள்.

அந்த வாரம் துலுக்கானம் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. அன்று சாயங்காலமே உட்கார வைத்து, எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். தகடு, உப்பு, கரண்ட், துரு. தாயம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, இஞ்சினீர் படிச்சவரு நடத்துறாரு, அவரு அம்மாவே வந்து உக்காருது, நீ இன்னா அவருக்கு மேல படிச்சிட்டியா என்றாள். வியாழக்கிழமை அவளை வேலைக்குப் போகிற வழியில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய், காலே வைக்காமல் வெறும் தொட்டியில் மெஷினைப் போட்டுக் காட்டினார். அரை மணியில் தண்ணீர் அதே பழுப்பு. நம்ம போர் தண்ணியே மஞ்சளாத்தானே வருது என்றாள். சனிக்கிழமை கேன் தண்ணீரை வாங்கி ஊற்றிக் காட்டினார். அதுவும் பழுத்தது. அந்தத் தகட்டுல எத்தினி பேரு காலு அழுக்கு ஒட்டிகினு கீதோ, அது இப்ப ஊறி வருது என்றாள். உறையைப் பிரிக்காத புதுத் தகட்டை எடுத்து மாட்டினார். அதுவும் பழுத்தது. தொட்டி பழசுதானே என்றாள்.

என்னத்தைச் செய்வது! முட்டாள் என்றால் திட்டிவிட்டுப் போகலாம், அவள் முட்டாளும் இல்லை. பன்னிரண்டு மாடியில் எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று கண்ணால் பார்த்தே சொல்லுகிறவள். ஆனால் அழுக்கு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருந்தே ஆக வேண்டும் அவளுக்கு. தண்ணீர் இல்லையென்றால் தகடு, தகடு இல்லையென்றால் தொட்டி, கடைசியில் நீதான் பக்கத்துல நின்னுகினு இருந்தியே என்பாள் போலிருந்தது. ஸ்ரீநாத்தையே சொல்லச் சொன்னால் கேட்பாள் என்று அவரிடம் போய் நின்றார். ஸ்ரீநாத் பதறிப்போய், உடனே டாக்டரைப் பாருங்கம்மா, மாத்திரையை நிறுத்தாதீங்க என்று போனிலேயே சொன்னார். நல்ல பிள்ளைதான். ஆனால் இந்தக் குளியல் வேலை செய்யாது என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தாயம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். அவரு மாத்திரையும் சாப்டச் சொன்னாரு, கால நனைக்க வாணாம்னு சொல்லலியே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்கோயிலிலிருந்து ஜெகதீசன் வந்து அம்மனின் வெள்ளிப் பாத ஜோடியைக் கொடுத்துவிட்டுப் போனார். கோயில் பொறுப்பைப் பார்க்கிறவர் அவர். ஆடி பிறக்கப் போகிறதென்றால் அந்தப் பாதம் துலுக்கானத்தின் வீட்டுக்கு வந்துவிடும். விபூதி போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் திருப்பிக் கொடுப்பார். தெருவில் இருப்பது துலுக்கானத்தம்மன். அவர் பேரே அவள் போட்டதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தாயம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ரத்தம் நிற்காமல் மூன்று நாள் இழுத்துக்கொண்டிருந்தது. பிழைத்து எழுந்தால் உனக்கு வெள்ளிப் பாதம் வைக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டார். வெள்ளியிலேயே செய்ய எங்கே போவது? செம்பில் பாதம் அடித்து வாங்கி, முதலாளியிடம் கேட்டு, கம்பெனித் தொட்டியிலேயே தன் கையால் வெள்ளி முலாம் ஏற்றினார். வெள்ளிக்கிழமைதோறும் தாயம்மா முதல் பூவை வைப்பது அந்தப் பாதத்தில்தான். அவள் உயிருக்குப் பதிலாக வைத்த பாதம் அது.

பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அது தோன்றியது. தோன்றியதும் கையிலிருந்த துணி நழுவியது. சீச்சீ என்று தலையை உதறிக்கொண்டார். கண்டவர் கால் வைத்த தொட்டி, அதில் போய் அவள் பாதமா? திங்கட்கிழமை முழுக்க அந்த நினைப்பை விரட்டிப் பார்த்தார், போகவில்லை. அன்றைக்கு ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு தாயம்மா நடந்தபோது அவள் வலது கால் வைத்த இடத்தில் ஈரமாக ஒரு தடம் பார்த்தார். தண்ணீர் தடம் இல்லை. அதற்குமேல் யோசிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

எட்டாவது செவ்வாய். தாயம்மா வழக்கம்போல ஏழரைக்கு வந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். துலுக்கானம் அன்று காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். தொட்டியை மூன்று தரம் கழுவினார். புதுத் தகட்டை மாட்டினார். கேன் தண்ணீரை ஊற்றி உப்பைப் போட்டார். காலை வைக்கலாமா என்று அவள் கேட்டாள். இரு என்றார். மஞ்சள் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளேயிருந்து வெள்ளிப் பாதத்தை எடுத்ததும் தாயம்மா பதறிப்போய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். இன்னாய்யா பண்ணப் போற என்றாள். மன்னிச்சிக்க தாயே என்று துலுக்கானம் வாய்க்குள் சொல்லி, இரண்டு பாதத்தையும் தண்ணீருக்குள் வைத்து ஸ்விட்சைப் போட்டார்.

கீழே மருந்துக்கடை ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. தகட்டைச் சுற்றி முதலில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு புறப்பட்டது. அது புகை மாதிரி சுருண்டு பாதத்தைச் சுற்றி வந்தது. பத்து நிமிஷத்தில் வெள்ளி விரல்கள் மங்கின. இருபதில் பாதம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதே டீ நிறம், அதே நுரை, அதே கருப்புத் துணுக்குகள். சுவரிலிருந்த பட்டியல் இரண்டு பேருக்கும் நேர் எதிரே தொங்கியது. ஆரஞ்சு என்றால் மூட்டு. பழுப்பு என்றால் ஈரல்.

தாயம்மா இதற்கும் ஒன்று சொல்லுவாள் என்று துலுக்கானம் காத்துக்கொண்டிருந்தார். அம்மா என் நோயை வாங்கிக்கினா என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவாள், அப்படிக் கும்பிட்டுவிட்டால் தன்னிடம் வேறு வழியே இல்லை என்று அவருக்குத் தெரியும். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மன் காலில் அழுக்கு என்று அவள் வாயால் எப்படிச் சொல்ல முடியும்? அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஒனக்கு இது எப்பலேந்து தெரியும்?"

"மொத நாளே."

"நான் வந்து குந்தின மொத நாளா?"

"நான் வேலைக்குச் சேந்த மொத நாளு."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. பன்னிரண்டு மாடியையும் துடைத்து முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது யாரோ சேற்றுக் காலோடு நடந்து போயிருந்தால் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்ப ஏழு வாரமா எங்காலைத் தூக்கி அதுல வச்சிகினு, எதுர குந்திகினு இருந்தியே. எதுக்குய்யா?"

துலுக்கானம் ஸ்விட்சை அணைத்தார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம், அது பாதி நிஜம். மீதி நிஜத்தைத்தான் அவர் சொன்னார்.

"நீ ஒரு எடத்துல குந்திகினு இருந்தியேம்மே. அதான்."

தாயம்மா குனிந்து, அந்தக் கண்றாவித் தண்ணீருக்குள் கையை விட்டு, அம்மன் பாதத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கேனில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரில் கழுவினாள். தன் முந்தானையால் துடைத்தாள், விரல் இடுக்கையெல்லாம் விடாமல் துடைத்தாள். சிவப்புத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்த பிறகுதான், நடப்போம் என்றாள். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். பை அவள் மடியில் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு வரைக்கும் போய்விட்டது, விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று துலுக்கானம் கேட்டார். படத்தைப் பார்த்த டாக்டரம்மா தாயம்மாவின் கணுக்காலுக்கு மேலே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முதல் செவ்வாய் அன்றைக்கே சொல்லியிருந்தால் விரலும் தப்பித்திருக்குமா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. அந்தப் பதிலையும் சேர்த்துச் சுமக்க முடியாது என்று தோன்றியது.

பாதத்தை ஆடி முதல் வெள்ளிக்கு முன்னால் ஜெகதீசனிடம் சேர்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, ஊர் என்ன தண்டனை போட்டாலும் சரி என்று நின்றார். ஜெகதீசன் துணியைப் பிரித்துப் பாதத்தைப் பார்த்துவிட்டு, மஞ்சள் தண்ணியும் பாலும் ஊத்திப் பரிகாரம் பண்ணிடலாம், வெளிய சொல்லிகினு திரியாத என்றார்.

நிலையத்துக்கு அவர் திரும்பப் போகவில்லை. ஸ்ரீநாத் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டதாகச் சொன்னார். நாற்காலியும் தொட்டியும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, தண்ணீரும் பழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. துலுக்கானத்துக்கு நசரத்பேட்டையில் ஒரு குடோனில் காவல் வேலை கிடைத்தது. காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை கேட் அருகே நிற்கிற வேலை. கேமரா இருப்பதால் உட்காரக் கூடாது. பெங்களூர் ரோட்டில் போகிற லாரிகளின் டயர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கால்களைப் பார்ப்பதற்கு இது தேவலாம் என்று நினைத்துக்கொள்வார்.

தாயம்மா வீட்டுக்கு வந்த பிறகு முதல் பத்து நாள் காலை அவரைத் தொடவிடவில்லை. பானுப்பிரியாதான் பூந்தமல்லியிலிருந்து தினம் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். இவர் வாசற்படியிலேயே நிற்பார். சமையல்கட்டுச் சுவரில் ஏழு மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது. அழித்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டார். இருக்கட்டும், பாத்துகினு இரு என்றாள் தாயம்மா. அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு அவர் வேலைக்குப் போனார்.

பதினோராவது நாள் பானுப்பிரியாவின் பிள்ளைக்கு ஜுரம், அவளால் வர முடியவில்லை. துலுக்கானம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, தாயம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் காலை நீட்டி வைத்திருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புத் தண்ணீர் பாட்டில், பஞ்சு, கட்டுத் துணி. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவர் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி நேரம் நின்ற முட்டி மடங்க மறுத்தது. கட்டைப் பிரித்தார். ஒரு விரல் இருந்த இடம் காலியாக இருந்தது. கீழே கிண்ணத்தை வைத்து, பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினார். தாயம்மா தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னா கலர்ல வருது?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

துலுக்கானம் கிண்ணத்தைத் தூக்கி லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தத் தடவை உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்று நன்றாக ஒரு தரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மே. தண்ணி தண்ணியாத்தான் கீது."